அன்னப்பழத்தின் இடத்தில் ஒரு நாய்

சல்லடை நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அந்தப் பெண்மணி வந்தபோது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நல்ல பருமன். தமயந்தியின் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் அது முனகியது. "பயப்படாத, தாங்குவ" என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டுத் தமயந்தியைப் பார்த்தார்.

"பேரு அன்னப்பழம். சினிமாவுல பீப்பாய் அன்னம்னு போடுவாவ. ஒரு நாய் மேல புகார் குடுக்கணும்."

"நாய்ப் புகாருக்கு மாநகராட்சிக்குப் போகணும்மா. அடுத்த தெரு."

"இது தெருநாய் இல்ல தாயி. சினிமா நாய். என் இடத்துல நிக்கி."

கைப்பையிலிருந்து ஒரு சிறிய திரையை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நகைச்சுவைப் படம் ஓடத் தொடங்கியது. பெண்பார்க்கும் காட்சி. கூடத்தில் மாப்பிள்ளையாகக் கதாநாயகன் உட்கார்ந்திருக்கிறான். பெண்ணின் அப்பா கைகளைப் பிசைந்தபடி, "எங்க பொண்ணு சின்ன வயசுலேருந்தே ரொம்ப அடக்கம். வெளியாளுங்க முன்னால வரவே கூச்சப்படும்" என்கிறார். பிறகு உள்பக்கம் திரும்பி, "வாம்மா, வந்து பெரியவங்களுக்கு நமஸ்காரம் பண்ணு" என்று கூப்பிடுகிறார். திரைச்சீலை விலகுகிறது. கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. மாப்பிள்ளை அலறியடித்து ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறான். நாய் தட்டிலிருந்த பஜ்ஜியைத் தின்கிறது. அப்பா பெருமூச்சுவிட்டு, "இதோட பதினாலாவது வரன்" என்கிறார்.

புகார் கேட்கும்போது சிரிக்கக் கூடாது என்பது அங்கே பணி விதி. தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரி தாயி. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் அது நின்ன எடம் என் எடம்னு ஒறைச்சுது."

"சல்லடை எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேம்மா" என்றாள் தமயந்தி. ஒரு நாளைக்கு ஆறேழு பேருக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பான பேச்சு அது. "பழைய படத்துல யார் மனசாவது புண்படற மாதிரி காட்சி இருந்தா, சல்லடை அதைச் சலிச்சு எடுத்துடும். எடுத்த இடம் ஓட்டையா இருக்கக் கூடாது இல்லையா. அதனால கதைக்குப் பொருந்தற மாதிரி வேற எதையாவது அதுவே நிரப்பிக்கும்."

"பொருந்துத மாதிரின்னா நாயா?"

"மாப்பிள்ளை பயந்து ஓடணும். உங்களைப் பாத்து ஓடினா அது உருவக்கேலி. அதனால ஓடறதுக்கு வேற காரணம் தேடியிருக்கு."

"சரி. அப்பன் பேசுத பேச்சு?"

"அதுல யாரையும் புண்படுத்தற வார்த்தை இல்லம்மா. அதனால விட்டுடுச்சு."

அன்னப்பழம் திரையை அணைத்தார். "நான் நடிச்சது முப்பத்தோரு படம். எல்லாத்தையும் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணுல நான் பீரோவா இருக்கேன். ஒண்ணுல தண்ணி லாரி. இன்னொண்ணுல என்னையப் பாத்து ஆளுவ ஓடுத எடத்துல மழை பெய்யுது. போன மாசம் நடிகர் சங்கத்துல மூத்த கலைஞர்களுக்குப் பாராட்டுன்னாவ. என் பேரக் குடுத்தேன். அவுக மிஷினு எல்லாப் படத்தையும் பாத்துட்டு, அப்படி ஒரு நடிகை எந்தப் படத்துலயும் இல்லேன்னு சொல்லிட்டு. அந்தப் பிள்ளைங்க மேல தப்பு இல்ல. நெசமாவே இல்லையே."

இதை அவர் அழாமல், தண்ணீர் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். தமயந்திக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

"என் காட்சியைப் பாத்து மனசு புண்பட்டது யாரு? அதச் சொல்லு."

"சல்லடையைப் பழக்கறதுக்கு ஆரம்பத்துல பதினோரு பேரை உக்கார வச்சாங்க. ஆளுக்கு ஒரு தனி அறை. ஆயிரம் மணி நேரம் பழைய காமெடி போட்டு, அவங்க முகத்தையும் நாடித்துடிப்பையும் பதிவு பண்ணினாங்க. யாராவது ஒருத்தர் முகம் சுருங்கினாலும் போதும், அந்த மாதிரிக் காட்சி புண்ணுன்னு மிஷின் கத்துக்கிச்சு."

"என் காட்சிக்கு எத்தன பேரு சுருங்கினாவ?"

தமயந்தி கோப்பைத் திறந்தாள். திறக்காமலே அவளுக்குத் தெரியும். "ஒருத்தர்."

"பதினொண்ணுல ஒண்ணா?"

"ஒண்ணு போதும்மா. அதான் சட்டம். புண்பட்டவங்க எழுதிக் குடுத்து, எங்க இயக்குநரும் கையெழுத்துப் போட்டா மட்டும் காட்சியைத் திருப்பலாம். இதுல புண்பட்டவர் ஏழாம் எண் பதிவர். பேர் சொல்லக் கூடாது."

"அந்த ஏழாம் நம்பரக் கூப்பிடு. நான் பேசுதேன். வியாழக்கெழம வாரேன்." கையை ஊன்றி எழுந்தார் அன்னப்பழம். நாற்காலி மறுபடி முனகியது.

ஏழாம் எண் தமயந்திதான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்லூரி இரண்டாம் ஆண்டில், விளம்பரத்தைப் பார்த்து அவளாகவே போய் உட்கார்ந்தாள். வேறு யாரும் அனுப்பவில்லை. காரணம் அந்த பஜ்ஜிக் காட்சி. வில்லிவாக்கத்துப் பள்ளியில் அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அந்தத் துண்டுக் காட்சி எல்லார் கைபேசியிலும் சுற்றியது. அப்போதே அவள் பருமன். ஒரு திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்ததும், கடைசி பெஞ்சுப் பையன்கள் "ஐயோ" என்று அலறிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே குதித்தார்கள். தரைத்தள வகுப்பு, யாருக்கும் அடிபடவில்லை. மறுநாளும் குதித்தார்கள். அந்த வருஷம் முழுக்கக் குதித்தார்கள். காய்ச்சலில் படுத்த நாள்களில் மட்டும் அவர்களுக்கும் ஓய்வு.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. சல்லடை வந்த பிறகு எந்தப் பள்ளியிலும் யாரும் ஜன்னல் வழியே குதிப்பதில்லை என்று நம்பினாள். அவள் செய்த காரியங்களில் அவளுக்கே பெருமையானது அதுதான்.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், தன் பதிவைத் தானே எடுத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை கிழவியிடம் காட்டினால் வாயடைத்துப் போவார் என்ற எண்ணம்தான். ஒரு பாதியில் சலிக்காத பழைய காட்சி, மறுபாதியில் பத்தொன்பது வயது தமயந்தியின் முகம்.

திரைச்சீலை விலகி அன்னப்பழம் தட்டோடு வருகிறார். அப்போது முப்பது வயது. பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். மாப்பிள்ளை அலறிக் குதிக்கிறான். அந்த நொடியில் பத்தொன்பது வயது முகம் சுருங்குகிறது. கண் இடுங்கி, கன்னம் இறுகி, பார்க்கவே வலித்தது. ஆக, சரிதான்.

ஆனால் காட்சி அங்கே முடியவில்லை. அன்னப்பழம் ஜன்னலைப் பார்க்கிறார். நாற்காலியைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒரு பஜ்ஜியை எடுத்து, இரண்டாகப் பிய்த்து ஆவியை ஊதி, ஒரு மகாராணியின் நிதானத்தோடு மெல்கிறார். "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லபோல. சூடா இருக்கையில திங்கக் குடுத்து வைக்கல" என்கிறார். பிறகு தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவே இல்லை.

மறுபாதியில் இருந்த பெண் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் தனியறை என்பதையும் மறந்து இடமும் வலமும் திருட்டுத்தனமாகப் பார்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தமயந்தி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். இந்தச் சிரிப்பு அவளுக்கு நினைவே இல்லை. இயந்திரத்துக்கும் இல்லை. சுருங்கிய முகங்களை எண்ணச் சொன்னார்கள், எண்ணியது. சிரிப்பை எண்ணும்படி யாரும் அதனிடம் சொல்லவில்லை.

அவளுடைய தயிர்சாதம் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை அன்னப்பழம் சொன்னபடியே வந்தார்.

"ஏழாம் நம்பர் வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா. நான்தான்."

அன்னப்பழம் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் தமயந்தி சொன்னாள். பள்ளி, ஜன்னல், கடைசி பெஞ்சு எல்லாவற்றையும். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத ஒருத்தரிடம்.

"எத்தன பயலுவ குதிச்சானுவ?"

"ஒம்பது பேர்."

"தெனமுமா?"

"ஒரு வருஷம்."

அன்னப்பழம் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார். "எனக்கு ஒரே பய. அவனும் ஏழு டேக்குதான். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்கேன், ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியப் பாத்து அலறிட்டு ஓடுதான். அலறல் பத்தலேன்னு டைரக்டர் திரும்பவும் ஓடச் சொல்லுதாரு. ஏழாவது தடவ எனக்கு ஆத்திரம் வந்துட்டு. போடா நீயும் ஒன் கல்யாணமும்னு உக்காந்து பஜ்ஜியத் தின்னுட்டேன். கேமரா ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அந்த வசனமும் யாரும் எழுதினது இல்ல, பசியில வந்தது."

"அப்ப ஓடினது அவங்க எழுதினது. பஜ்ஜி உங்களோடது."

"ஆமா. ஆனா பயலுவ ஓடினதத்தானே படிச்சிருக்கானுவ." அன்னப்பழம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. புகார வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஒனக்குத்தான் எண்ணிக்கை கூட. நாயே நிக்கட்டும். அதுவும் ஒண்ணும் மோசமா நடிக்கல."

இதைத் தமயந்தி எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள்களுக்கு முன் என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது என்னவோ கோபம் வந்தது.

"வாபஸ் எல்லாம் முடியாதும்மா."

"நான் குடுத்த புகாரு, நான் எடுக்கக் கூடாதா?"

"புண்பட்டது நான். எழுதிக் குடுக்க வேண்டியதும் நான். இப்ப நான் எழுதித் தரேன்."

"எதுக்கு?"

"நான் அதுல சிரிச்சிருக்கேன். எனக்கு அந்தச் சிரிப்பு வேணும்."

இயக்குநர் இன்பநாதன் கண்ணாடி அறைக்குள் இருப்பவர். அதிகம் பேச மாட்டார். வாழ்த்தோ வசவோ எல்லாம் எழுத்தில்தான் வரும். அது அவருடைய கண்டிப்பு என்று அலுவலகம் நினைத்துக்கொண்டிருந்தது. தமயந்தியின் கோப்பு போன நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. 'ஒப்புதல் இல்லை. சுருங்காத முகத்திலும் புண்பாடு இருக்கலாம். மற்ற பத்துப் பதிவர்களின் முகங்களை நான் தனியே மறுபடி பார்த்த பிறகே முடிவு செய்ய இயலும்.'

'இப்போதே பார்க்கலாம். வாருங்கள்' என்று தமயந்தி திருப்பி எழுதினாள்.

எழுத்தில் பதில் வரவில்லை. பிறகு கண்ணாடிக் கதவு திறந்தது. நல்ல உயரம், வழுக்கைத் தலை. அன்னப்பழத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உட்காராமல் சுவரோரம் நின்றார்.

முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாம் எண் சிரித்தது. இரண்டாம் எண்ணுக்குப் புரையேறியது. மூன்றாம் எண் சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. நான்காம் எண், அடர்ந்த சுருட்டை முடி வைத்த இளைஞன். மாப்பிள்ளை குதித்தபோதே சிரிக்க ஆரம்பித்து, பஜ்ஜிக்கு வந்தபோது நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, காலை உதைத்துச் சிரித்தான்.

"யாரு இந்தப் பய?" என்றார் அன்னப்பழம் மகிழ்ச்சியோடு. "நல்ல ரசிகன்."

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "நா... நா... நான்தான்."

தமயந்தி திரும்பினாள். பன்னிரண்டு வருஷம் ஒரே அலுவலகம். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. அவர் ஏன் எழுதிக்கொண்டே இருந்தார் என்பது அந்த ஒரு சொல்லில் விளங்கிவிட்டது.

"ம... மன்னிச்சுக்குங்க" என்றார் இன்பநாதன். "உங்களுக்குத்தான் வ... வலிச்சதுன்னு தெரியாது. கோப்புல பாத்த உடனே எ... என் முகத்தை எப்படிக் காட்டறதுன்னுதான்..."

அத்தோடு தமயந்தி விட்டிருக்கலாம். அவர் தலைகுனிந்து நின்றார், அவள் பக்கம் நியாயம் இருந்தது, கையெழுத்தும் கிடைத்துவிடும். ஆனால் நான்காம் எண் எங்கே புண்பட்டார் என்ற கேள்வி அவள் விரலுக்கு வந்துவிட்டது. தேடினாள். ஆயிரம் மணி நேரத்தில் நான்காம் எண் சுருங்கியது ஒரே ஒரு காட்சிக்குத்தான். பேருந்தில் திக்குவாய்க்காரர் ஒருவர் நடத்துநரிடம் டிக்கெட் கேட்கும் காட்சி. அதே காட்சிக்கு ஏழாம் எண்ணின் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பத்தொன்பது வயது தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை இடமும் வலமும் பார்க்கவில்லை. வாயைப் பொத்தவும் இல்லை.

"இதையும் நீங்க பாத்துடணும் சார்" என்றாள்.

இன்பநாதன் பார்த்தார். மற்ற காட்சிகளையும் அவள் அவசரமாகப் புரட்டினாள். மாறுகண் காட்சியில் சுருங்கியது ஒன்பதாம் எண் மட்டும். மனைவியிடம் அடிவாங்கும் கணவனுக்குச் சுருங்கியது இரண்டாம் எண். ஒருவர் சுருங்கிய இடத்தில் பெரும்பாலும் மற்ற பத்துப் பேரும் சிரித்திருந்தார்கள். இருபது வருஷமாகத் தன்னை வலிபட்டவர்கள் பக்கத்தில் மட்டுமே வைத்து எண்ணியிருந்தாள் தமயந்தி.

அன்னப்பழம் பையிலிருந்து சுக்குமிட்டாய் எடுத்து இருவருக்கும் நீட்டினார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. இருவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

இன்பநாதன் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே தன் கையால் ஒரு வரியும் எழுதினார். 'மூலக் காட்சி, புதிய காட்சி இரண்டும் இருக்கும். பார்ப்பவர் தேர்ந்துகொள்ளலாம். நடிகையின் பெயர் இரண்டிலும் இடம்பெற வேண்டும்.'

"நாய் வார படத்துலயும் என் பேரா?" என்றார் அன்னப்பழம்.

"எ... எடம் உங்களோடதுதானே."

"உங்க பஸ் காட்சி சார்?" என்று கேட்டாள் தமயந்தி. "அது அப்படியே சலிச்சதாவே இருக்கட்டும். நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம். நான் சிரிச்சதுக்காக எல்லாம்..."

"வே... வேண்டாம்தான்" என்றார். கதவுவரை போனவர் நின்றார். சொல்லலாமா என்று யோசிப்பதைப் போலக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அந்தக் காட்சி எ... எப்படி முடியும்? அவன் தி... திக்க ஆரம்பிச்ச உடனே நான் கண்ணை மூடிட்டேன். சின்ன வயசுலேருந்தே அ... அப்படித்தான். முழுசாப் பாத்ததே இல்ல."

தமயந்தி பதிவைப் பார்த்தாள். உண்மைதான். சுருட்டை முடி இளைஞன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு ஒருத்தன் பட்ட வலியைத்தான் இயந்திரம் அந்தக் காட்சிக்குரிய வலி என்று படித்திருந்தது.

"அவர் ஊர்ப் பேரைச் சொல்ல ஆரம்பிப்பார் சார். கண்டக்டர் அவரை நக்கல் பண்ணுவான். பஸ்ஸே சிரிக்கும். அவர் விடாம அந்த ஒரே எழுத்தைச் சொல்லிட்டிருப்பார். கண்டக்டரும் பென்சிலைக் காதுல வச்சுக்கிட்டு நின்னுட்டே இருப்பான், வேற யாருக்கும் டிக்கெட் குடுக்க முடியாம. கடைசியில பஸ் அந்த ஊருக்கே வந்துடும். அவர் படியில இறங்கி நின்னு, ஒரு திக்கல் இல்லாம, 'எடம் வந்தாச்சு, டிக்கெட் வேண்டாம்'னு சொல்லிட்டுப் போயிடுவார்."

இன்பநாதன் புருவத்தைச் சுருக்கினார். "டி... டிக்கெட் எடுக்கலையா?"

"எடுக்கல சார். பஸ்ல முக்கால்வாசிப் பேர் எடுக்கல. கண்டக்டர்தான் ஏமாந்தது."

"போட்டுத்தான் காட்டேன் தாயி" என்றார் அன்னப்பழம். "சொல்லிக் கேட்டா சிரிப்பு வருமா?"

தமயந்தி இன்பநாதனைப் பார்த்தாள். அவர் கதவிலிருந்து கையை எடுத்து, திரும்பி வந்து, முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் காட்சியை ஓடவிட்டாள்.

நடத்துநர் நக்கல் செய்தபோது அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இன்பநாதனின் கை இரண்டும் மேலே எழும்பி, பாதியில் நின்று, முழங்காலுக்கே திரும்பின. கண்ணை மூடவில்லை. பேருந்து நின்றது. அந்த மனிதர் இறங்கினார். கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இன்பநாதனின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சிரிப்புக்குத் திக்கல் கிடையாது என்பதைத் தமயந்தி அன்றைக்குத்தான் கவனித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருக்கையில் தான் சிரிக்கலாமா என்று சற்றுப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

"அந்தக் கண்டக்டர் வேஷம் போட்டவன் சரியில்ல" என்றார் அன்னப்பழம், தொழில் தெரிந்தவரின் அலுப்போடு. "எனக்குக் குடுத்திருக்கணும்."

இன்பநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினார். "இ... இ..." என்று தொடங்கினார். சொல் நாக்கின் நுனியில் மாட்டிக்கொண்டது.

என்ன சொல்ல வருகிறார் என்று தமயந்திக்குத் தெரியும். அன்னப்பழத்துக்கும் தெரியும். இருவருமே எடுத்துக் கொடுக்கவில்லை. அவசரமும் இல்லை. காத்திருந்தார்கள்.

"இ... இன்னொரு தடவை போடுங்க" என்றார் இன்பநாதன்.